தொடையில் ஒரு கிள்ளு

அப்பா அடிக்க மாட்டார். கிள்ளுவார். கலஹா பஸ்ஸில் யாராவது நின்றுகொண்டு வந்தால் என் தொடையில் ஒரு கிள்ளு விழும். எழும்பி இடம் கொடுக்க வேண்டும். வந்தவர் முதியவர் என்றால், அவர் பையை வாங்கிப் பிடித்துக்கொள்ள இன்னொரு கிள்ளு. "புள்ளைய நல்லா வளத்திருக்கீங்க" என்பார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கும். எனக்குத் தொடை கன்றியிருக்கும்.

பத்து வயதில் ஒருநாள் அம்மாவோடு பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு, மாதா மாதம் கிளினிக். அப்பாவுக்கு அன்று தேயிலைத் தோட்டத்தில் வேலை. பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான். அம்மா அதில் என்னை உட்கார வைத்தாள்.

அவளுக்கு ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. அம்மாவின் கால் வீங்கியிருந்தது. முகம் வேர்த்தது. எல்லாம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா கிள்ளவில்லை. கேட்கவுமில்லை. அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

ஒரு வளைவில் அப்படியே சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

முன் சீட்டிலிருந்து என் வயதுப் பிள்ளை ஒன்று, வெள்ளை முக்காடு போட்டது, ஓடி வந்தது. "மாமி, இங்க வந்து இரிங்க" என்று கையைப் பிடித்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தது. அதன் உம்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் அவர் மடியிலேயே இருந்தன. பிறகு யார் கிள்ளி இது எழும்பியது? எனக்கு விளங்கவில்லை. விழித்த உம்மா பிள்ளையைப் புகழவில்லை. நகர்ந்து இடம் விட்டு, அம்மாவின் முதுகைத் தடவினார்.

சாயங்காலம் அப்பா கேட்டார்.

"பஸ்ஸுல எடம் இருந்துச்சா?"

"ஒன்னுதான்."

"புள்ள எழும்பிச்சா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "எழும்பாம? நான் சொல்ல முந்தியே குடுத்துருச்சு."

அப்பா முதல் தடவையாக என் தலையைத் தடவினார்.

அடுத்த மழைக்கு அம்மா இல்லை.

இப்போதும் பஸ்ஸில் யாராவது நின்றால் என் தொடை சுள்ளென்று வலிக்கும். உடனே எழும்பிவிடுவேன். நல்ல மனசு என்கிறார்கள்.

அன்று இரவு அம்மா நின்றபடிதான் சோறு போட்டாள். கிள்ளு தப்பிய சந்தோசத்தில் எனக்கு நல்ல பசி. இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினேன். அதே வீங்கிய காலோடுதான் நிற்கிறாள் என்று தோன்றவில்லை.