வெள்ளிக்கிழமை மட்டும் இறுகிய கியர்

எங்கள் பழைய பிக்கப்பில் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் மாத்தளைக் கடைகளுக்கு மிளகு ஏற்றிப் போவேன்.

கொஞ்ச நாளாக அந்தக் கம்பி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இறுகிக்கொண்டது. சனிக்கிழமை மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனால் கியர் லேசாக விழும். "நல்லாத்தானே இருக்கு" என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"கண்ணு பட்டிருக்குங்க" என்ற என் மனைவி, கம்பியில் வழக்கமாகச் சுற்றும் வெள்ளிக்கிழமைப் பூச்சரத்தோடு எலுமிச்சம்பழம் ஒன்றையும் சேர்த்துக் கட்டினாள்.

அன்றே பலாபத்வல மெயின் ரோட்டில் வண்டியைத் திருப்பும்போது கியர் ரிவர்ஸிலேயே மாட்டிக்கொண்டது. வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஹோர்ன் அடித்தபடி வந்த பஸ், என் கதவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றது.

போன் போட்டதும் பாஸ் அங்கேயே வந்து, கம்பியின் அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார். பூச்சரத்தின் நூல் இடுக்குக்குள் போய் இறுகச் சுற்றியிருந்தது.

"வெள்ளிக்கிழமை பூவ கட்டுறீங்க. வாடுனதும் கழட்டிட்டு சனிக்கிழமை எங்கிட்ட வாறீங்க. நான் என்னத்த கண்டுபிடிக்கிறது?" என்றார்.

இப்போது பூ சாமிப் படத்துக்கு மட்டும்தான். கியர் கம்பிக்குக் கிரீஸ். மனைவிதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பூ இல்லாட்டி பஸ் நின்னிருக்குமாங்க?" என்கிறாள்.