காலி டப்பாவுக்குப் பயந்தவன்

அகரத்தில் என் மனைவியின் அண்ணனுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை. தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலேயே போடவும் நிறுத்தவும் நான்தான் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். கோளாறு என்றால் எனக்குச் செய்தி அனுப்பும், மோட்டாரையும் ஓடவிடாது.

போன சித்திரையில் ஒரு காலை, திண்டுக்கல் வீட்டில் இருந்தபடி அந்தச் செயலியைப் புதுப்பித்தேன். சற்று நேரத்தில் செய்தி வந்தது: மோட்டாரில் பிழை. நிரல் எழுதிய பதினெட்டு வருட அனுபவம் முழுவதையும் திரட்டி, எழுதியதைத் திறந்துகூடப் பார்க்காமல் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மோட்டார் போச்சு மச்சான். காயில் கம்பி எரிஞ்சிருக்கும். மேல தூக்கிருங்க."

"நேத்து நல்லாத்தான ஓடுச்சு?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல."

"அப்பச் சரி. ஆனா தூக்கி இறக்க ஒரு நாளாகும் மாப்ள. கரண்டு பத்து மணி வரைக்குந்தான். இன்னைக்குத் தண்ணி பாயலைன்னா மொட்டு அம்புட்டும் சுருங்கிரும்."

போனை வைத்தபோது எனக்கு வியர்த்திருந்தது. மனைவி பார்த்தாள். "ஏங்க, பாத்துட்டுச் சொன்னீங்களா, பயந்துட்டுச் சொன்னீங்களா?"

பார்த்தேன். நான் பயன்படுத்தும் நிரல் நூலகம் பிழையை ஒரு டப்பாவில் போட்டு வைக்கும். பிழையே இல்லாவிட்டாலும் டப்பா உண்டு, காலியாக. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில், டப்பா இருக்கிறதா என்று காலையில் புதுப்பித்தபோது கேட்டு வைத்திருந்தேன். அதுவும் நேர்மையாக, இருக்கிறது என்றது. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்தை விடாத கறாரான நிரல் மொழி, இதில் தப்பே நடக்காது என்று பீற்றிக்கொண்டவன் நான். நான் கேட்ட முட்டாள் கேள்வியில் அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எனக்கு இது புதிதும் அல்ல. இரத்தப் பரிசோதனைக் கவர் கைக்கு வந்தாலே போதும், பிரிப்பதற்குள் பாதி நோயாளியாகிவிடுவேன்.

ஒரே வரியைத் திருத்திவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

"தூக்காதீங்க மச்சான். இப்பப் போட்டுப் பாருங்க."

"மூணு ஆளு வந்து பைப்புல கைய வச்சுட்டாக. செத்த இருங்க." பிறகு தண்ணீர் விழும் சத்தம். "ஓடுது. என்னதான் மாப்ள கோளாறு மோட்டாருக்கு?"

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

"அதக் கல்யாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்ல."

மறுநாள் மச்சான் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தார். மனைவி வாங்கி என்னிடம் நீட்டினாள். திறந்தேன். மொட்டு, விளிம்பு வரைக்கும்.