அப்பாவை உரித்து வைத்த பிள்ளை

ரிச்சர்ட்ஸ் டவுனில் அமலைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: அப்பாவை உரித்து வைத்திருக்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் அம்மா டீனா பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அவள் கணவன் கிளிஃபர்ட் ஹாக்கி ஆடியவன். காய்ச்சல் என்று படுத்தவனில்லை. இரண்டாயிரத்து இருபத்தொன்றில், முப்பத்து மூன்று வயதில், கொரோனா அவனைப் பத்தே நாளில் கொண்டுபோயிற்று. அதே வீட்டில் அதே கிருமி டீனாவுக்கு இரண்டு நாள் வாசனை தெரியாமல் செய்ததோடு சரி. அவள் மருத்துவமனை லேபில் வேலை பார்த்தவள். போதாதா? நோயைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்று தீர்ப்பாயிற்று. கல்லறைத் திருநாளில் பெட்டி என்கிற அவள் மாமியார் காலையிலேயே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார். மருமகள் மாலையில் தனியாகப் போவாள். செத்தவன் ஆண் என்றால் பிழைத்தவள் குற்றவாளி. இந்தச் சட்டத்தை எழுதியது வைரஸ் அல்ல.

கிளிஃபர்டின் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அப்போது டீனா கையெழுத்திட்டிருந்தாள். இந்த ஜூலையில் அந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சுப்ரியா அவளைக் கூப்பிட்டு, அவள் ரத்தத்தையும் சோதித்துவிட்டு விளக்கினார். கிருமி நுழைந்ததும் உடம்பை உஷார்ப்படுத்தும் ஒரு மரபணு கிளிஃபர்டுக்குப் பிறவியிலேயே பழுது. உடம்பு விழித்துக்கொள்வதற்குள் நுரையீரல் போய்விட்டது.

"என் பையனுக்கு?" என்றாள் டீனா. "அவன் அப்படியே அவர் அச்சு, டாக்டர்."

"மூஞ்சி அப்பாவோடதா இருக்கட்டும்மா. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. அப்பா பையனுக்குக் குடுக்கறது ஒய். அவனோட எக்ஸ் உங்களோடது, அது நல்லா இருக்கு. பயமே வேண்டாம்."

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து டீனா அழுது தீர்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கணக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்போ என்கிட்டேர்ந்தா போச்சு?"

நாலு வருஷப் பேச்சு டீனாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கடையில பார்த்து வாங்கியா குடுத்தீங்க மம்மி? உங்களுக்கே தெரியாது."

"உன்னை என்னென்னமோ சொல்லிட்டேன்."

"ஆமா. சொன்னீங்க."

அமல் மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தான். பதறிப்போய் எழுந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்கள்.

"துண்டு கொடியில இருக்கு. நீயே தொடச்சுக்கோடா," என்றாள் டீனா.