செங்கல் எடுத்தும் நின்ற கூரை

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள். இந்த வீட்டை அடுத்துப் பழுது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று வீட்டுக்காரர் டீச்சரம்மா இந்த நோட்டைக் கொடுத்தார்.

செங்கல்பட்டில் இந்த வீட்டை இடிக்கத்தான் வந்தேன். பழைய வீடுகளை இடித்து மரத்தைப் பிரிப்பது என் தொழில். மாடிச் சுவர் தெருப்பக்கம் புடைத்திருந்தது. விழுந்துவிடும் என்று இஞ்சினியர் சொன்னதால், டீச்சரம்மா மனமில்லாமல் ஒத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் காலை சிமெண்ட் பூச்சைக் கொத்தினேன். உள்ளே தேக்குச் சட்டம்! நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை சாய்வாக. நடுவில் மட்டும் செங்கல். சட்டங்கள் சேரும் இடமெல்லாம் உளிக்கோடுகள்: ஒற்றைக்கோட்டுக்கு ஒற்றை, இரட்டைக்கு இரட்டை. தரையில் கோத்துப் பார்த்து, பிரித்து, மேலே ஏற்றிப் பூட்டியிருக்கிறார்கள்! அந்தக் கோடுகளை நான் தடங்கலில்லாமல் படித்தேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சட்டம் நூல் பிடித்த நேர்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்று படியில் ஓடி இறங்கினேன்.

"டீச்சரம்மா, இடிக்காதீங்க! செங்கல்லு தான் பிதுங்கிக்கினு கீது. கூரையத் தாங்குறது மரம்."

கீழே அவரோடு நின்ற இஞ்சினியர் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, இடிக்க வந்துட்டு வூட்டுக்கு வக்கீலாயிட்டியா?"

"செங்கல்ல மொத்தமா எடுத்துட்றேன் சார். கூரை எறங்கிச்சுனா இடிச்சுடலாம்."

டீச்சரம்மா என்னையே பார்த்தார். "எடுப்பா."

உத்தரத்துக்குக் கீழே ஜாக்கிகளை நிறுத்தி, ஒரு விரல் இடைவெளி விட்டேன். கூரை இறங்கினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். மேல் வரிசையிலிருந்து கல் கல்லாக உருவினேன். கடைசிக் கல் வந்ததும் சட்டத்துக்கு நடுவே தெரு தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

இஞ்சினியர் ஏறி வந்து இடைவெளியில் விரலை விட்டார். தாராளமாகப் போனது.

"பேஜாராப் பூட்ச்சே! எம் பேச்சு எடுபடல," என்றவர், ஒரு கல்லைத் தொட்டார். ஈரம். "சிமெண்ட்டு தண்ணிய வெளிய வுடல. இனிமே சுண்ணாம்பு தான்."

டீச்சரம்மா படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல கற்களையே சுண்ணாம்பு வைத்துத் திரும்பக் கட்டினோம். அடியில் ஒரு சட்டம் மட்டும் உளுத்திருந்தது. அதை மாற்றி, பழையதில் இருந்தபடியே நான்கு கோடு வெட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வீட்டில் மரம் சேர்த்தேன்! இந்தச் சுவர்மேல் மறுபடி சிமெண்ட் பூசிவிடாதீர்கள்.

கூச்சத்தில் மூன்று மாதம் நோட்டைப் பையிலேயே வைத்திருந்து, எழுதி முடித்த நாள்: ஆடிப் பதினெட்டு.