சில்லிட்டு வந்தவர்கள்

அடிபட்டு வருகிறவன் கத்துவான், வயிற்றுவலிக்காரன் புரளுவான். உடம்பு சில்லிட்டு வருகிறவன் மட்டும் எதுவுமே சொல்லமாட்டான், அவனுக்கும் சேர்த்து நர்ஸ்தான் சண்டை போட வேண்டும்.

கேஷுவாலிட்டியில் நின்று நின்று கால் வீங்கிய சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை. பெங்களூரில் குளிரில் சாவார்களா என்று மெட்ராஸிலிருந்து என் சித்தி கேட்பாள். டிசம்பர் மழையில் நனைந்து அரை நாள் கிடந்து பார்த்தால் தெரியும்.

செல்லம்மா

எங்கள் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார மேட்ரன் சீமைக்குக் கப்பலேறிய மறு வருஷம். நான் வேலைக்குப் புதிது. மர்பி டவுனிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் செல்லம்மா, மழையில் மண் சரிந்து, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் காலையிலிருந்து மதியம்வரை மாட்டிக்கொண்டிருந்தாள். தூக்கிவந்தபோது நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. அதை நல்ல அறிகுறி என்று நினைத்தோம். கை கால்களைப் பரபரவென்று தேய்த்தோம். பாதத்தில் வெந்நீர்ப் பை வைத்தோம். காப்பி குடிக்கட்டும் என்று தூக்கி உட்காரவைத்தோம். உட்கார்ந்த கணத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. அவ்வளவுதான்.

கை காலில் குளிர்ந்து கிடக்கும் ரத்தம் திடீரென்று நெஞ்சுக்குப் போனால் இதயம் தாங்காது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அவள் புருஷன் வராந்தாவில் நின்றிருந்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் கும்பிட்டுவிட்டான். "நீங்க நல்லாத்தான் பாத்தீங்க சிஸ்டர்."

ஸ்டூடியோக்காரரின் தெர்மாமீட்டர்

அதன்பிறகு, தேய்க்க வந்த கைகளையெல்லாம் தட்டிவிட்டேன். லிங்கராஜபுரத்து ரத்னம்மா கிணற்றில் விழுந்து, பம்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் தண்ணீரில் நின்றவள். ஈரச் சேலையை உருவாமல் கத்தரித்து எடுத்தேன். படுத்தபடியே கம்பளி சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பைகளை அக்குளிலும் விலாவிலும் வைத்தேன். ஆனால் எங்கள் தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்து டிகிரிக்குக் கீழே காட்டாது. சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எதிர் வரிசையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. படம் கழுவும் மருந்தின் சூடு பார்க்க அந்த ஸ்டூடியோக்காரரிடம் நீளமாக ஒரு தெர்மாமீட்டர் உண்டு. ஓடிப்போய் வாங்கிவந்தேன். வாயில் வைத்தால் சரியாகக் காட்டாது. வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். எண்பத்தாறு. ஒரு மணி நேரம் கழித்து எண்பத்தெட்டு. சாயங்காலம் ரத்னம்மா கன்னடத்தில் தண்ணீர் கேட்டாள். தெர்மாமீட்டரை மருந்து போட்டுக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வாயிலதானே வெச்சீங்க, சிஸ்டர்?"

ஐஸ் பேக்டரி அந்தோணி

ஐஸ் கட்டிகள் அடுக்கிவைக்கும் அறைக்குள் காலையில் அந்தோணி போனதும் கதவு சாத்திக்கொண்டது. மதியச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமென்றுதான் தேடியிருக்கிறார்கள். டியூட்டி டாக்டர் மைசூர்க்காரர், நல்ல மனுஷர். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "ஆயித்து" என்றார், முடிந்துவிட்டது என்று கன்னடத்தில். ஆயா வெள்ளைத் துணி எடுக்கப் போனாள்.

நான் ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் கேட்டேன். எட்டுத் துடிப்பு. டாக்டர் வாங்கிச் சில விநாடி வைத்துப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "சூடு வந்த பிறகும் இப்படியே இருந்தா எழுதுங்க டாக்டர். சில்லுனு இருக்கிறவரைக்கும் நான் விடமாட்டேன்" என்றேன். கட்டிலை விட்டு நான் நகரவில்லை. அவர் பேனாவை மூடினார்.

கூட்டாளிகள் பிராந்தி பாட்டிலோடு வந்தார்கள், வெளியே அனுப்பினேன். டாக்டர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு அவரே வெந்நீர் ஊற்றினார். ஆட்டாமல் அசைக்காமல், ஆறிய பையை எடுத்துச் சூடான பையை வைத்தோம். துடிப்பு பன்னிரண்டு, இருபது, நாற்பது. விளக்குப் போடும் நேரத்தில் அந்தோணி கண்ணைத் திறந்தான். ஆயா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என்ன வேண்டும் என்று டாக்டர் குனிந்து கேட்டார். "ஒரு சோடா," என்றான். "ஐஸ் போடாம."

இப்படி வருஷக்கணக்கில் ஊராரைச் சூடாக்கி அனுப்பியதில், டியூட்டியில் நான் குடித்த காப்பி ஒன்றுகூடச் சூடாக இருந்ததில்லை.