மேட்டு லயமும் ராவணன் சுரங்கமும்

கிளர்ச்சியைத் தொழிலாக எடுத்துக்கொண்டவனுக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கூட்டத்துக்குப் பிரதம விருந்தினர் தேடும் வேலை மட்டும் சாகும்வரை உண்டு. பஸ் நிலையத்தில் நோட்டீஸ் நீட்டி, வாங்கியவர் அதிலேயே வடையை மடிப்பதைப் பார்த்து நின்ற சகாக்களே, என் கதை உங்களுக்குப் புரியும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், பிரசுரங்களில் படித்ததுதான் அதிகம். அதனால் அச்சில் வந்ததை மட்டும் நம்புவேன். அந்தக் குணம்தான் என்னைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முழுசாகப் பேசச் சொன்னது

மாத்தளைப் பக்கம் ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அதில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான மேட்டு லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. மழை பெய்தால் அடுப்படித் தரையில் சேற்றுத் தண்ணீர் ஊறும். கதவைச் சாத்தினால் நிலையில் பொருந்தாது. அங்கிருக்கும் குடும்பங்களைக் கீழே இறக்கு, வீடு கட்ட நிலம் கொடு என்பது எங்கள் கோரிக்கை. லயம் பழசு, சுவர் வெடிக்கத்தான் செய்யும் என்றது நிர்வாகம். படித்த ஒருவர் சொல்லட்டும், பார்க்கலாம் என்றது அரசாங்கம்.

படித்த ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பல்கலைக்கழகத்தில் மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர் அவர். இந்த மலை நகர்கிறது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று அந்தக் காலத்திலேயே அறிக்கை எழுதினார். பெயர் வேண்டாம்; சொன்னால் உங்களில் பாதிப்பேர் கைதட்டுவீர்கள், மீதிப்பேர் காறித் துப்புவீர்கள். ஓய்வுபெற்றுப் பலாபத்வலையில் இருந்தவரை வீடு தேடிப்போய்க் கூட்டத்துக்கு அழைத்தேன். "மலையைப் பத்தி முழுசா பேசலாமா?" என்று கேட்டார். "முழுசா பேசுங்க ஐயா" என்றேன். திரும்பும்போது ஆட்டோ ஓட்டிவந்த தோழர் மூக்கையா சிரித்துச் சிரித்து வண்டியையே ஓரம்கட்டிவிட்டார். தன் போனை எடுத்துக் காட்டினார். சீகிரியாக் குன்றின் முன்னால் நின்றபடி நம் பேராசிரியர், ராவணனின் சுரங்கப்பாதை அங்கே தொடங்கி மாத்தளை மலைகளுக்கு அடியில் போகிறது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். மூக்கையா சொன்னார்: "தலைவரே, ஊரு உலகமே பாத்த படம் இது. நீங்க நோட்டீஸத் தவிர வேற எதையுமே பாக்க மாட்டீங்களா?"

கூட்டம் சேர்ந்தது

என் வாழ்நாளில் நான் அத்தனை பெரிய கூட்டம் போட்டதில்லை. தொழிலாளி வர்க்கம் விழித்துவிட்டது என்று மேடையில் நின்று கண் கலங்கினேன். பிறகு பார்த்தால் பாதிக் கூட்டம் சீகிரியாவிலிருந்து வந்த ஆட்டோக்காரர்களும் வழிகாட்டிகளும்.

பேராசிரியர் மண்சரிவைப் பற்றியும் பேசினார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பொன்னாடையைப் போர்த்தி முடிக்கும் நேரம் பேசினார். மீதி நேரம் முழுவதும் ராவணன். லயத்துக்குப் பின்னால் இருப்பது வெடிப்பு அல்ல, சுரங்கத்துக்குக் காற்றுப் போக விட்ட துவாரம் என்றார். விசில் பறந்தது. நிலக் கோரிக்கைத் தீர்மானத்தை நான் வாசித்தபோது ஒலிபெருக்கிக்காரரைத் தவிர யாரும் என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் சீகிரியா ஆட்டோக்காரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நிலப் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அண்ணே, சுரங்கத்து வாசல் இந்தப் பக்கம்னு ஆயிட்டா, வெள்ளைக்காரங்கள ஏத்தி இறக்குறது யாரு, நாங்களா உங்க ஊரு ஆட்டோவா? அத இப்பவே பேசி முடிச்சிருவோம்" என்றார்.

கந்தோரில்

அந்தப் பழைய அறிக்கையைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார். அறிக்கையைத் திறக்கவே இல்லை. கையெழுத்தை மட்டும் பார்த்தார். "இவர்தானே ராவணன் விமானத்தை மலைக்குள்ள நிறுத்தினான்னு சொன்ன மாத்தயா?" என்று கேட்டார். ஐயா, இது அவர் புத்தி தெளிவாக இருந்த காலத்தில் எழுதியது என்றேன். தெளிவு எந்தத் திகதியோடு முடிந்தது என்று எழுத்தில் கொடுக்க முடியுமா என்றார்.

பூர்ஷ்வா அதிகார வர்க்கத்தின் குயுக்தி பற்றி மேசைக்கு முன்னால் நின்று கொஞ்சம் உரையாற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தேநீர்கூட வரவழைத்தார். கடைசியில் சொன்னார்: "தலைவர், நீங்க ராவணன்கிட்டயே ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. இன்னைக்கே செஞ்சு தாறேன்."

இரண்டு கட்சி, ஒரு கடை

அதன் பிறகு ஹனிபா நானாவின் தேநீர்க் கடையில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பேராசிரியர் ஞானி என்று ஒரு மேசை, பைத்தியம் என்று இன்னொரு மேசை. ஞானி மேசைக்குள்ளேயும் சண்டை. ராவணன் எங்கள் ஆள் என்று தமிழர் சொல்ல, எங்கள் ஆள் என்று சிங்களவர் சொன்னார்கள். மேட்டு லயத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை எந்த மேசையும் சொல்லவில்லை. நான் எழுந்து சொன்னேன். இரண்டு மேசையும் ஒன்றுசேர்ந்து என்னை உட்காரச் சொன்னது. முப்பாட்டன் காலத்திலிருந்து அந்த ஊரிலேயே வியாபாரம் செய்யும் நானா கிளாசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விடுங்க தலைவரே. நீங்க பேசினா எந்திரிச்சுப் போறாங்க, அவரப் பத்திப் பேசினா இன்னொரு டீ சொல்றாங்க. அல்லாஹ்வே, எனக்கு அவரு பேராசிரியர்தான்."

ஸ்டெல்லா கேட்ட நோட்டீஸ்

மேட்டு லயத்துப் பெண்களுக்குத் தலைவி ஸ்டெல்லா. மழை இருட்டினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே மாதா கோயிலுக்குப் போய்ப் படுக்கிறவள். ஒரு நாள் என்னிடம் நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னாள். "சுரங்கத்து வாசல்ல குடியிருக்கோம், அத காப்பாத்த எங்கள வேற எடத்துக்கு மாத்துங்கன்னு எழுதுங்க" என்றாள்.

நான் மறுத்துவிட்டேன். போலீஸ் பூட்ஸ் காலால் மிதித்தபோதும் என் நோட்டீஸில் ஒரு பொய் ஏறியதில்லை. மூடநம்பிக்கையை வைத்து வாங்கும் உரிமை உரிமையே அல்ல என்று சோப்புக் கையோடு நின்றவளுக்கு விளக்கினேன். பேராசிரியரிடமும் போய், அந்தச் சுரங்கத்தை ஒரு நாளைக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அறிக்கை எழுதினப்போ ஒருத்தரும் வாசல் மிதிக்கல. இப்ப நீங்களே வந்து நிக்கிறீங்க" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் முடியாது என்றதை வந்து சொன்னபோது ஸ்டெல்லா சேலையைப் பிழிந்து கொடியில் போட்டபடி சொன்னாள்: "உங்க உண்மைய நீங்களே பத்திரமா வச்சிக்கோங்க தலைவரே. மலை விழுந்தா எங்க லயத்து மேலதான் விழும், உங்க நோட்டீஸ் மேல விழாது."

சுரங்கம் நிலம் கொடுத்தது

என்னைக் கேட்காமலே அவள் நோட்டீஸ் அடித்தாள். எழுதிக் கொடுத்தது மூக்கையா. அந்தத் துரோகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த நோட்டீஸ் கொழும்பில் ஒரு பெரும்புள்ளியின் கைக்குப் போனது. அவர் கேமராக்களோடு வந்து வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தார். "காத்து வருது" என்றார். பேராசிரியர் அழுதேவிட்டார். புராதன வாசலுக்கு முன்னால் ஆட்கள் குடியிருந்து சமைக்கக் கூடாது என்று உத்தரவு பறந்தது. உபரி நிலம் ஒரு பிடிகூட இல்லை என்று காலமெல்லாம் சத்தியம் செய்த நிர்வாகத்துக்குத் தார் ரோட்டோரம் சமதரையில் நிலம் தென்பட்டது. குடும்பத்துக்கு ஒரு துண்டு அளந்து கொடுத்தார்கள். தகரக் கூரையோடு இப்போதைக்கு வீடும் எழும்பியது. எல்லைக் கல் நடும்போது அந்தக் கந்தோர் அதிகாரி என் தோளில் தட்டினார்: "பாருங்க தலைவர், சரியான காரணம் கொண்டுவந்தா நாங்க செய்யாம விட்டமா?"

மலை சொன்னது

அடுத்த பெருமழையில் மலை வந்தது. மேட்டு லயம் இருந்த இடத்தில் சிவப்புச் சேறும், வேரோடு பிடுங்கிய சவுக்கு மரங்களும். லயத்தில் ஆளில்லை, ஒரு கோழிகூட இல்லை. அறிக்கையில் எழுதியபடியே, எழுதிய பக்கமாகவே சரிந்திருந்தது. பேராசிரியர் குடையோடு வந்து பார்த்தார். அந்த ஒரு நிமிடமாவது தன் பழைய அறிக்கையை நினைத்துக்கொள்வார் என்று நான் மூச்சைப் பிடித்து நின்றேன். "வாசல மூடிட்டான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் பாதி நாடு அவரை மகான் என்றது, பாதி நாடு அவரைப் பிடித்து உள்ளே போடச் சொன்னது.

நான் ரோட்டோரத்து வீடுகளுக்குப் போனேன். பார்த்தீர்களா, மண்சரிவுதான், சுரங்கம் ஒன்றும் இல்லை, நாங்கள் சொன்னதுதான் உண்மை என்று வாசலுக்கு வாசல் விளக்கினேன். ஸ்டெல்லாவின் பிள்ளைகள் நனையாத தரையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள், பிளேன்டீ கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "உண்மைதான் தலைவரே, யாரு இல்லன்னா? கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, புள்ளைங்க இன்னைக்குத்தான் நல்லா தூங்குதுங்க."

உண்மையை உரக்கச் சொல்வதே என் தொழில். அது மேலிடத்தின் காதில் விழ அதற்குப் பத்துத் தலை முளைக்க வேண்டும் என்று மட்டும் நான் படித்த எந்தப் பிரசுரமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.