பொய்யக்கா கலக்காத நியூட்ரினோ

பொய்க்குச் சம்பளம் தரும் இடங்கள் உலகில் ஏராளம். அதை வேலை உத்தரவிலேயே எழுதிக் கொடுத்த இடம், எனக்குத் தெரிந்து, அந்த நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்றுதான். கடலடியில் தொங்கும் கருவிகளில் எப்போதாவது, விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒன்று மினுக்கிவிட்டுப் போகும். ஆய்வாளர்கள் விழித்திருக்கிறார்களா என்று சோதிக்க, அந்தத் தரவுக்குள் போலி மினுக்கல்களைத் தடயமில்லாமல் கலப்பது அங்கே ஒருத்தியின் வேலை. முடிவு சொல்லும் கூட்டம்வரை வாய் திறக்கக் கூடாது. எல்லோருக்கும் அவள் பொய்யக்கா. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டேன் என்றாலும் கணவன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

ஒருமுறை, நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கும் ஒரு கேலக்ஸியின் திசையிலிருந்து நியூட்ரினோக்கள் கொத்தாக வந்திருந்தன.

"அக்கா கைவண்ணம் தெரியுதே!" என்று கண்ணடித்தார்கள்.

அந்த மாதம் அவள் எதையுமே கலக்கவில்லை.

கூட்டத்தில் அதைச் சொன்னதும் அறையே சிரித்தது.

"போதும்கா, உண்மையைச் சொல்லிடுங்க."

"சத்தியமா நான் போடலை. அடுத்த மாசம் இதே கேலக்ஸியில போடலாம்னு மனசுல நினைச்சிருந்தேன். அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க போட்டதுன்னா குப்பை. போடலைன்னா உலகத்துக்கே சொல்லணும். போட்டுட்டு மறைக்கிறீங்கன்னா, நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

ஒரே வழிதான் இருந்தது. அங்கே வாயு மேகங்களில் துகள்கள் மோதி நியூட்ரினோ பிறந்திருந்தால், காமா கதிரும் கூடப் பிறந்திருக்க வேண்டும். காமா தொலைநோக்கி வேறொரு நிறுவனத்தினுடையது. அவள் கை அங்கே எட்டாது. கேட்டு அனுப்பினார்கள்.

பதில் வந்தது. மங்கலாகக் காமா வெளிச்சம் இருக்கிறது. பழைய பதிவுகளிலும் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது கிளம்பியபோது, பூமியில் எதையும் நினைப்பதற்கு ஆளே இல்லை.

வேலை தப்பியது. ஆனால் அதன் பிறகு யாரும் கண்ணடிக்கவில்லை. அவள் லிஃப்டில் ஏறினால் மற்றவர்களுக்கு மாடிப்படிமேல் திடீர்ப் பாசம் வந்தது. "என்னைப் பத்தி மட்டும் எதுவும் நினைச்சுடாதே," என்றான் கணவன், பாதி விளையாட்டாக.

ஒருநாள் இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா... அடுத்து எதை நினைச்சிருக்கீங்க?"

ஜன்னலுக்கு வெளியே வெறும் பகல் வானம். அவள் பார்வை அதில் ஒரே இடத்தில் போய் நின்றிருந்தது. சிரமப்பட்டுத் திருப்பினாள்.

"ஒண்ணுமில்லை சார்."

அவர் நம்பினார்.